ஃபேன் சத்தம் நின்ற வீடு

1

புதுத் துணி துவைக்கும் மெஷின் வந்து இறங்கி ஒரு வாரமாகிறது. ஓடுகிறதா நின்றுவிட்டதா என்று தெரிந்துகொள்ளக் குனிந்து அதன் கண்ணாடி வட்டத்துக்குள் பார்க்க வேண்டியிருக்கிறது. உள்ளே என் சட்டை ஒன்று கைகளை மெல்லத் தூக்கி, முங்கி, மறுபடி எழுகிறது. ஏரியில் குளிப்பவன் போல. சத்தமே இல்லை.

பழையது இப்படி இல்லை. கடைசிச் சுற்று வந்ததும் நின்ற இடத்தை விட்டுக் கிளம்பும். சமையலறைத் தரையில் நடந்து வாசல்வரை வரும். கீழ்வீட்டுப் போர்த்துகீசியப் பெரியவர் துடைப்பக் கட்டையால் தன் கூரையை இடிப்பார். நான் மெஷினைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்பேன். பாரீசுக்கு வடக்கே, நான்காம் மாடியில், ஐம்பது வயது கடந்த ஒரு புதுச்சேரிக்காரன் மெஷினோடு மல்லுக்கட்டும் அந்தக் காட்சி இனி இல்லை. நல்லது. ஆனாலும் கைகள் சும்மா இருக்கின்றன.

இன்று ஞாயிறு. மாதா பிறந்த நாள் திருநாளுக்கு முந்தைய ஞாயிறு. போன வருஷம் இதே ஞாயிறன்றுதான், நெல்லித்தோப்பில் இருக்கும் என் அக்காவின் மூச்சைப் போனில் கேட்டேன். அரை நூற்றாண்டு அவளுக்குத் தம்பியாக இருந்தும் அதற்கு முன் ஒரு நாளும் கேட்டதில்லை. கேட்டதால் அவள் இருக்கிறாள். இதற்கு நான் நன்றி சொல்ல வேண்டியவர்கள் எந்த ஊரில், எந்த அலுவலகத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று தெரியவில்லை. அதனால் ஊரில் இருக்கும் உங்களிடம் சொல்கிறேன்.

2

பழைய மெஷின் உயிரை விட்டதும் என் மனைவி ரீத்தா சொன்னது ஒன்றுதான். "விலையப் பாக்காத, எழுத்தப் பாரு."

இங்கே கடையில் எந்தப் பொருளைத் தொட்டாலும் நெற்றியில் ஒரு சீட்டு. பச்சையில் தொடங்கிச் சிவப்பில் முடியும் ஏழு பட்டைகள். 'ஏ' மேலே, 'ஜி' கீழே. மின்சாரத்தைச் சிக்கனமாகக் குடிப்பது மேலே, மொடாக்குடிகாரன் கீழே. முன்பு 'ஏ' மட்டும் போதாமல் அதன் பின்னால் ஒரு கூட்டல் குறி, இரண்டு, மூன்று என்று போட்டார்கள். எல்லாரும் மூன்று கூட்டல் வாங்கிய பிறகு அரசாங்கம் பலகையைத் துடைத்துவிட்டுப் புதிதாக எழுதியது. நேற்று முதல் மார்க் வாங்கியது இன்று நான்காம் வரிசையில் தலையைத் தொங்கப் போட்டு நிற்கிறது. குடியிருக்கும் வீட்டுக்கே ஓர் எழுத்து உண்டு. எங்கள் அடுக்ககம் 'ஈ'. அந்தக் கடிதம் வந்த அன்று ரீத்தா என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்து, "உனக்கு என்ன எழுத்துன்னு யாராச்சும் வந்து ஒட்டுனா தேவல" என்றாள்.

கடையில் இருந்த இளைஞன் என்ன வேண்டும் என்று கேட்டான். 'சாஜ்'ஆன மெஷின் ஒன்று வேண்டும் என்று பிரெஞ்சில் சொன்னேன். அவன் விழித்தான். பிறகு சிரித்தான். புதுச்சேரிப் பள்ளிக்கூடத்தில் கன்னியாஸ்திரி வகுப்புக்குள் நுழையும்போதே "சாஜ்! சாஜ்!" என்று கையைத் தட்டுவார், நாற்பது வாயும் மூடும். அந்தச் சொல்லுக்குச் சத்தம் போடாதே என்றுதான் அர்த்தம் என்று இத்தனை வருஷம் நினைத்திருந்தேன். "அது நல்ல பிள்ளை என்று குழந்தையைக் கொஞ்சும் சொல், மிஸ்யே" என்றான் அவன். ஆனாலும் புரிந்துகொண்டான். சீட்டின் கீழ் மூலையில் இருந்த சின்ன ஒலிபெருக்கிப் படத்தை விரலால் தொட்டுக் காட்டினான். அதன் பக்கத்தில் ஓர் எண், ஓர் எழுத்து. மெஷின் போடும் சத்தத்தையும் அளந்து எழுதியிருக்கிறார்கள்.

அந்த ஒலிபெருக்கிப் படத்தின் முன் நான் நின்ற நேரம் அவனுக்கு விநோதமாகப் பட்டிருக்க வேண்டும். ஒரு மெஷின் வாங்க வந்தவன் கண் கலங்கி நின்றால் யாருக்குத்தான் புரியும்?

பழைய மெஷினை எடுத்துப்போக, புதுசைக் கொண்டுவந்த ஆட்கள் மறுத்துவிட்டார்கள். ஆர்டர் போட்டபோது அதற்கான கட்டத்தில் நான் குறி வைக்கவில்லையாம். மாடிப்படியில் அது அநாதையாக நின்றது. மூன்றாம் நாள் அடுக்கக அலுவலகத்திலிருந்து கடிதம்: மாண்புமிகு திருவாளரே, தங்கள் உயர்வான உணர்வுகளுக்கு எங்கள் மரியாதை, அந்தச் சனியனை எடு. கடைசி வரியை அவர்கள் நாகரிகமாக எழுதியிருந்தார்கள். பொருள் அதுதான்.

3

எங்கள் நெல்லித்தோப்பு வீடு சத்தத்தால் கட்டிய வீடு.

அப்பாவின் சொல்தா பென்ஷனில் வாங்கிய ஃபிரிட்ஜ் ஒன்று கூடத்து மூலையில் இருந்தது. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து திரும்பியவர்களை எங்கள் ஊரில் சொல்தா என்றுதான் சொல்வோம். அந்த ஃபிரிட்ஜும் ஒரு சொல்தாதான். உறுமிக்கொண்டு கிளம்பும், உடம்பெல்லாம் நடுங்கும், பிறகு காலைத் தரையில் அடித்தாற்போல் 'டக்'கென்று நிற்கும். அதன் தலைமேல் கண்ணாடிக் கூண்டுக்குள் குழந்தை இயேசு சொரூபம். நடுக்கத்தில் அவர் நாளெல்லாம் ஒரு விரற்கடை, ஒரு விரற்கடையாக விளிம்பை நோக்கி நகர்வார். காலையில் அக்கா அவரைத் தூக்கிப் பழைய இடத்தில் வைப்பாள். "எங்கப்பா கெளம்பிட்ட?" என்று கேட்டுக்கொண்டே.

நான்கு அறைக்கும் நான்கு ஃபேன். ஒவ்வொன்றுக்கும் ஒரு குரல். கூடத்து ஃபேன்தான் குழுவுக்குத் தலைவர்: கிரீச், டக், டக். கிரீச், டக், டக். அதன் கீழே உட்கார்ந்து பேச வேண்டுமானால் கத்த வேண்டும். எங்கள் வீட்டு ஆட்கள் பேசினால் தெருவில் போகிறவர்கள் சண்டை என்று நின்று பார்ப்பார்கள். கோபமெல்லாம் இல்லை. ஃபேன்.

இந்த ஊருக்கு வந்து, ஒரு பள்ளிக்கூடத்துச் சமையற்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்து, ஞாயிறு தவறாமல் வீட்டுக்குப் போன் பண்ணிய வருஷங்களில் எனக்குக் கேட்டது அந்தச் சத்தம்தான். அப்பா போனார், அம்மா போனாள், அக்காவின் கணவர் சேவியர் மாமாவும் போனார். சத்தம் மட்டும் இருந்தது. போனை எடுத்ததும் முதலில் கூடத்து ஃபேன் பேசும். அதற்குப் பின்னால்தான் என் அக்கா மதலேன்.

போன வருஷக் கோடை விடுமுறைக்கு நான் மட்டும் ஊருக்குப் போனேன். தனியாக இருக்கிறவள், வீட்டில் எல்லாம் பழசு, ஃபிரிட்ஜின் பின்பக்கம் தொட்டால் சுடுகிறது. எல்லாவற்றையும் மாற்றிவிடலாம் என்று அவளை நேரு வீதிக் கடைக்கு இழுத்துப் போனேன்.

"அஞ்சு ஸ்டாரே எடுத்துக்குங்க சார்" என்றார் கடைக்காரர். "கவர்மென்ட்டு அளந்து குடுக்கறது."

"ஓட்டலுக்குத்தான் ஸ்டாருன்னு கேள்விப்பட்டேன். ஃபேனுக்குமா?" என்றாள் அக்கா.

"ஃபேனுக்கும் கட்டாயமாயிடுச்சும்மா. ஸ்டார் சீட்டு இல்லாம இப்ப விக்கவே கூடாது."

"அப்ப எங்க வூட்ல ஓடறது?"

"அது எந்தக் காலத்து ஃபேன்மா?"

"எங் கல்யாணத்துக்கு முன்னாடி வாங்கனது."

"அதுக்கு நட்சத்திரம் கெடையாதும்மா. ராகு கேதுதான்."

அக்கா சிரித்தாள். சிரித்துவிட்டுப் பக்கத்தில் கிடந்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டாள். வெயில், நடந்து வந்த களைப்பு என்று நினைத்தேன்.

ஃபிரிட்ஜுக்குச் சரி என்றாள். மூன்று ஃபேனுக்கும் சரி என்றாள். நான்காவதுக்கு மட்டும் மாட்டேன் என்றாள்.

"கூடத்து ஃபேன் இருக்கட்டுமேடா அந்துவான்."

"ஏங்க்கா? அதுதான் இருக்கறதுலயே மோசம்."

"சத்தம் இல்லன்னா காத்து வர்ற மாரியே இருக்காது. பேய் வூடு மாரி ஆயிடும்."

"புதுசு மாட்டிப் பாரு. புடிக்கலன்னா பழசயே மாட்டிக்கலாம்."

"நீ போயிடுவ. நான்ல இங்க இருக்கணும்?"

அவள் அவ்வளவு வாதாடியதை நான் பார்த்ததில்லை. மாமாவின் ஞாபகம் போலிருக்கிறது என்று விட்டுக்கொடுக்கத்தான் நினைத்தேன். அதற்குள் நோணாங்குப்பத்திலிருந்து வந்த எலக்ட்ரீஷியன் ஏழுமலை ஏணியில் ஏறிவிட்டார். பழைய ஃபேனைக் கழற்றிக் கையில் எடுத்ததும், "யக்கா, கொக்கியப் பாருங்க, தேஞ்சு நூலாட்டம் நிக்குது. இது உங்க தலமேல எறங்கியிருக்கும்" என்றார். அதற்குமேல் அவளால் ஒன்றும் சொல்ல முடியவில்லை. ஏழுமலைக்கும் புதுசின்மேல் பெரிய மரியாதை இல்லை. "பழசுக்குக் கப்பாசிட்டர் மாத்துனா ஓடும் சார். இதுல போர்டு போனா போர்டேதான் வாங்கணும். ரிமோட்ட எங்கயாவது வச்சிட்டுத் தேடுவாங்க பாருங்க" என்றபடி முடுக்கினார்.

ஸ்விட்சைப் போட்டார். காற்று வந்தது. வேறொன்றும் வரவில்லை. நாங்கள் மூன்று பேரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றோம். பக்கத்து வீட்டில் யாரோ தேங்காய் துருவும் ஓசை கேட்டது. எங்கள் வீட்டுக்குள் பக்கத்து வீட்டின் தேங்காய்த் துருவல் கேட்டது அன்றுதான் முதல் தடவை.

ஃபிரிட்ஜ் கதவில் இருந்த நட்சத்திரச் சீட்டைப் பிய்க்கப் போனேன். கையைத் தட்டிவிட்டாள். "அதப் பிச்சா கேரண்டி போயிடும்." அது இன்றைக்கும் அங்கேயே இருக்கிறது. குழந்தை இயேசு அதன் தலைமேல் நின்ற இடத்தில் நிற்கிறார்.

4

ஆகஸ்ட் முடிய இரண்டு நாள் இருக்கும்போது, ஃபேன் மாட்டிய மறுநாளே, திரும்பி வந்தேன். வந்த முதல் ஞாயிறு, இங்கே மதியம், அங்கே மூன்றரை மணி. போன் பண்ணினேன்.

எடுத்தாள். ஃபேன் பேசவில்லை. அந்த இடத்தில் ஒரு பெரிய வெறுமை. பழக்கம் போகாமல் நான் கத்தினேன். "அக்கா! கேக்குதா!"

"ஏன்டா கத்தற? கேக்குது."

நான் குரலைத் தாழ்த்தினேன். தாழ்த்தியதும் வீடு ஒவ்வொன்றாகக் காதுக்குள் வந்தது. அவள் வளையல். வெளியே ஒரு காக்கை. மாடியில் குடியிருக்கும் எழிலரசி துணியை உதறிக் காயப்போடும் சத்தம். தண்ணீர்க் குழாயின் கடைசிச் சொட்டுகள். எங்கள் வீட்டுக்கு இத்தனை சின்னச் சத்தங்கள் இருந்தனவா என்று மயங்கி நின்றேன். அப்புறம், இவை எல்லாவற்றுக்கும் அடியில், இன்னொன்று.

"காலைல பூசைக்குப் போனேன்... சாமியார் இன்னிக்கு ரொம்ப... நீட்டி முழக்கிட்டாரு பாரு... வந்து சோறாக்கி வச்சி..."

மூன்று சொல். ஒரு நிறுத்தம். நிறுத்தத்தில் மெல்லிய விசில் போல ஓர் இழுப்பு. மறுபடி மூன்று சொல்.

"அக்கா, மாடி ஏறி வந்தியா?"

"இல்லியே. உக்காந்துதான்... இருக்கேன்."

"எப்பலேர்ந்து உக்காந்திருக்க?"

"சாப்ட்டதுலேர்ந்து. ஏன்?"

"பின்ன ஏன் உனக்கு மூச்சு வாங்குது?"

"மூச்சா? எனக்கா? அது ஃபேன் சத்த..."

நின்றுவிட்டாள்.

அவள் வாயிலிருந்து அந்தச் சொல் முழுதாக வரவில்லை. தலைக்குமேல் அந்த ஃபேன் ஐந்து நட்சத்திரத்தோடு, ஒரு பாவமும் அறியாததுபோல், சத்தமில்லாமல் சுற்றிக்கொண்டிருந்தது. ஏறக்குறைய ஐயாயிரம் மைலுக்கு இந்தப் பக்கம் நான் போனைக் காதில் அழுத்திக்கொண்டு நின்றேன். அவள் மூச்சை அடக்கப் பார்த்தாள். அடக்கியதும் கேட்டது. அப்புறம் அடக்க முடியாமல் விட்டதும் கேட்டது.

"எத்தன நாளா?"

வளையல் நாற்காலிக் கையில் உரசியது.

"அக்கா."

"ரெண்டு வருஷம் இருக்கும்டா."

5

எழிலரசி ஜவுளிக்கடையில் வேலை பார்க்கிறவள். சொந்த ஊர் கனகசெட்டிக்குளத்துக்குப் பக்கம். அன்றே அவளிடம் பேசினேன். "நானும் நெனச்சேண்ணே. கீழ தண்ணி புடிக்க வந்தா ரெண்டு கொடத்துக்கு நாலு தடவ உக்காருவாங்க. கேட்டா எனக்கு என்னா கொறைச்சல்னு எகிறுவாங்க" என்றாள். மறுநாள் கடைக்கு லீவு சொல்லிவிட்டு ஆட்டோவில் அக்காவை ஏற்றிக்கொண்டு போனாள்.

டாக்டரம்மா சின்ன வயசு. நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, படம் எடுத்துப் பார்த்துவிட்டு, கேட்ட முதல் கேள்வி: "சின்னப் புள்ளையா இருக்கும்போது மூட்டெல்லாம் வீங்கி, ரொம்ப நாள் காய்ச்சல் வந்துதாம்மா?"

எழிலரசி போனில் இதைச் சொன்னபோது நான் சமையற்கூடத்தில் கேரட் துருவிக்கொண்டிருந்தேன். கை நின்றது. அக்காவுக்குப் பதினொன்றோ பன்னிரண்டோ வயசு. முழங்கால் இரண்டும் பலாக்காய் மாதிரி. அம்மா நொச்சித் தழையை வதக்கி ஒத்தடம் கொடுப்பாள். மழைக்காலம் முழுக்க அவள் கூடத்தில் படுத்திருந்தாள். நான் தெருவில் விளையாடப் போகாமல் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். பாசம் ஒன்றும் இல்லை. அவளுக்கு வரும் ரொட்டியில் பாதி எனக்கு. பிறகு அது தானாக வடிந்தது. அவள் எழுந்து ஓடினாள், கோயில் பாடற்குழுவில் சேர்ந்தாள், உச்சக்குரல் பாடினாள். எல்லாரும் மறந்தோம். காய்ச்சல் மறக்கவில்லை. போகிற போக்கில் இதயத்துக்குள் ஒரு கதவைத் தழும்பாக்கிவிட்டுப் போயிருந்தது. அந்தக் கதவு வருஷா வருஷம் குறுகி, இப்போது ஒரு சந்து அளவுக்குத்தான் திறந்தது. அதன் வழியே ரத்தம் ஒருக்களித்து நுழைந்துகொண்டிருந்தது.

"இன்னும் தள்ளிப் போட்டிருந்தா..." என்று சொல்லிவிட்டு டாக்டரம்மா மீதியைச் சொல்லவில்லையாம்.

தொடை ரத்தநாளம் வழியாகக் குழாயை விட்டு, நுனியில் ஒரு பலூனை ஊதி, அந்தக் கதவைத் திறந்துவிட்டார்கள். நெஞ்சைக் கிழிக்கவில்லை. பள்ளி அப்போதுதான் திறந்திருந்தது. எனக்கு லீவு இல்லை. வேலையை விட்டுவிட்டு வருகிறேன் என்றேன். "நீ இங்க வந்தா... அங்க அத்தன புள்ளைங்களுக்கு... யாருடா சோறு போடறது?" என்றாள். மூன்று மூன்று சொல்லாக. பலூன் வைப்பதற்கு முந்தைய நாள் அது.

முடிந்த மறுவாரம் கேட்டேன். "ஏங்க்கா சொல்லல?"

"சொன்னா டிக்கெட் போட்டு ஓடி வருவ. புருஷன் போனாரு, அம்மா போனா, ஒவ்வொரு தடவையும் ஓடி வந்த. போதும்னு நெனச்சேன்." கொஞ்சம் நிறுத்தினாள். மூச்சுக்காக இல்லை. "அந்த ஃபேன் அடியில உக்காந்துகிட்டா உனக்குத் தெரியாதுன்னு எனக்குத் தெரியும். ஞாயித்துக்கெழம உன் போனு வர்ற நேரத்துக்கு ரெகுலேட்டர அஞ்சுல வச்சிட்டு நாக்காலிய நேரா கீழ இழுத்துப் போட்டுப்பேன்."

"பாடற்குழு?"

"வாய மட்டும் அசச்சிட்டு நின்னேன். ஆர்மோனியத்துச் சத்தத்துல யாரு கண்டா?"

இதைப் பற்றி நான் நிறைய யோசித்துவிட்டேன். ஃபேனுக்கு நட்சத்திரம் கொடுத்தவர்கள் மின்சாரத்தைத்தான் அளந்தார்கள். எத்தனை யூனிட் மிச்சம், எத்தனை நிலக்கரி மிச்சம் என்று கணக்குப் போட்டிருப்பார்கள். கண்ணுக்குத் தெரியாத ஓர் அறையில், மேசையைச் சுற்றி உட்கார்ந்து, டீ ஆறிப்போக, ஒரு ஃபேன் இவ்வளவுதான் குடிக்கலாம், அதற்குமேல் குடித்தால் கடைக்கு வராதே என்று எழுதியிருப்பார்கள். அதைப் படித்துவிட்டு வேறு யாரோ ஒரு புது மோட்டாரைச் செய்திருப்பார்கள். வீணாகப் போன மின்சாரம் நம் வீடுகளில் சூடாகவும் சத்தமாகவும்தான் இருந்தது. வீணடிப்பை நிறுத்தினார்கள், சத்தம் நின்றது. சத்தத்துக்குப் பின்னால் மதலேன் என்று ஒருத்தி ஒளிந்துகொண்டிருப்பாள் என்று அவர்கள் நினைத்திருக்க மாட்டார்கள். நினைக்காமலே செய்த நன்மைக்கு எப்படி நன்றி சொல்வது? மழைக்குச் சொல்கிற மாதிரிதான். வெளியே வந்து, முகத்தைத் தூக்கி.

குறை இல்லாமல் இல்லை. என் புது மெஷின் சிக்கனத் துவையலுக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல் எடுத்துக்கொள்கிறது. அக்கா ரிமோட்டை ஜெபமாலைப் பெட்டிக்குள் வைத்துவிட்டு ஒரு நாள் முழுக்கத் தேடியிருக்கிறாள். ஏழுமலை சொன்னபடியே படுக்கையறை ஃபேனுக்குப் போர்டு போய்விட்டது. "நான் சொன்னேன்ல சார்" என்று போனிலேயே முகம் மலர்ந்தார். இருக்கட்டும்.

6

தை மாதம் ஒரு நாள், ஞாயிறு அல்லாத ஒரு நாள், அக்காவே கூப்பிட்டாள். குரலில் பரபரப்பு. கையில் இருந்த கரண்டியைக் கீழே வைத்தேன்.

"டேய், கரண்டு பில்லு ரொம்பக் கம்மியா வருதுடா."

"நல்லதுதானே?"

"என்ன நல்லது? முன்ன வந்ததுல பாதிகூட இல்ல. மீட்டர் ரிப்பேரு. திடீர்னு ஒரு நாள் வந்து எல்லாத்தையும் சேத்துக் கட்டுன்னு நிப்பானுங்க. உங்க மாமா ஆபீஸ்ல ஒருத்தருக்கு அப்படித்தான் ஆச்சு. நானே போயி எழுதிக் குடுத்துட்டேன்."

"எங்க போன?"

"கரண்டு ஆபீசுக்குத்தான்."

பில் கம்மியாக வருகிறது என்று புகார் கொடுக்க வந்த பெண்மணியை அங்கே இருந்த கிளார்க் இதற்குமுன் பார்த்ததில்லை. கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மறுபடி போட்டுக்கொண்டாராம்.

"ஜாஸ்தியா வந்துச்சுன்னா புகார் குடுக்கலாம்மா. கம்மியா வந்ததுக்கு எங்ககிட்ட ஃபாரமே இல்ல."

"அப்ப வெள்ளப் பேப்பர்ல எழுதறேன். சீல் போட்டுக் குடுங்க. நாளைக்கு நீங்க இல்லன்னு சொல்லக் கூடாதுல்ல?"

"வூட்ல புதுசா ஏதாவது மாத்தினீங்களா?"

"ஃபேனு, ஃபிரிட்ஜ் எல்லாத்தையும் தம்பி மாத்திட்டுப் போனான். பிரான்ஸ்லேர்ந்து வந்தவன்."

"ஸ்டார் போட்டதா?"

"அஞ்சு."

"யம்மா, தாயே, அதாம்மா பில்லு கம்மி. மீட்டர் நல்லா இருக்கு. ஒங்க தம்பிக்கு ஒரு மெர்சி சொல்லிட்டு வூட்டுக்குப் போங்க."

"அந்தாளு என்னையே கிண்டல் பண்றாருடா!" என்று போனில் பொரிந்து தள்ளினாள். அடுத்து அந்த அலுவலகத்து வரிசையைத் திட்டினாள், வெயிலைத் திட்டினாள், ஆட்டோக்காரரைத் திட்டினாள். நான் எதையும் கேட்கவில்லை. வேறொன்றைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"அக்கா, அந்த ஆபீஸ் மாடியில இல்ல?"

"ஆமா, ரெண்டாவது மாடி. லிப்ட்டு வேற ஓடல. ஏறித்தான் போனேன்."

ஒரே மூச்சில் சொன்னாள். தான் என்ன சொன்னோம் என்று அவளுக்குத் தெரியவில்லை. அப்புறம் தெரிந்தது.

"மெர்சிடா" என்றாள். அந்தப் பிரெஞ்சு நன்றியை, கிளார்க் சொல்லச் சொன்னதால் சொல்கிறாளாம்.

7

இன்று ஞாயிறு என்று சொன்னேன் இல்லையா? மதியம் போன் பண்ணினேன். மெஷின் என் சட்டையோடு நீந்திக்கொண்டிருந்தது. ரீத்தா வேலைக்குப் போயிருந்தாள். முதியோர் இல்லத்தில் அவளுக்கு ஞாயிறும் ஒரு நாள்தான்.

அக்கா பேசிக்கொண்டே இருந்தவள் திடீரென்று நிறுத்தினாள்.

"அந்துவான், உன் பக்கம் ஏன்டா இவ்ளோ அமைதியா இருக்கு?"

"புது மெஷின்க்கா. சத்தம் போடாது."

"அது சரி. மத்தவங்க?"

வாயைத் திறந்தேன். வழக்கமாகச் சொல்லும் பதில் ஒன்று இருக்கிறது. கிளாரா உள்ளே படிக்கிறாள், மெஷின் சத்தத்தில் கேட்கவில்லை என்பது. என் மகள் கிளாரா லியோனுக்குப் போய் ஒரு வருஷத்துக்கு மேலாகிறது. படிப்பு, அப்புறம் வேலை, அப்புறம் அவளுக்கென்று ஒரு வீடு. கோபமெல்லாம் ஒன்றும் இல்லை. அவள் பிரெஞ்சில் வேகமாகப் பேசுவாள், நான் தமிழில் மெல்லப் பேசுவேன், நடுவில் ரயில் போய்விடும். அதை அக்காவிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல், அவளுக்கும் நெஞ்சு சரியில்லாத நேரம் என்று, நான் பழைய மெஷினை முடுக்கிவிட்டு, அடுத்த அறையிலிருந்துதான் ஞாயிறுகளில் போன் பண்ணிக்கொண்டிருந்தேன். அது வீட்டை ஆள் நிறைந்த வீடாக்கியது.

"கிளாரா உள்ள..." என்று தொடங்கினேன்.

அவள் காத்திருந்தாள். என் வீட்டின் அமைதி அத்தனையும் போன் வழியாக நெல்லித்தோப்புக்குப் போய்க்கொண்டிருந்தது.

"லியோன்ல இருக்காக்கா. ரொம்ப நாளாச்சு."

"ம்."

"ரீத்தாவும் சாயங்காலம்தான் வருவா."

"சாப்ட்டியா?"

"இனிமேதான்."

"என்ன ஆக்கி வச்சிருக்க?"

"ஒண்ணும் இல்ல."

கேலி ஒன்று வரும் என்று எதிர்பார்த்தேன். மறைக்கத் தெரியாதவன், தன்னிடம் கற்றுக்கொள்ள வேண்டியவன் என்று என்னைப் பற்றி ஏதாவது. வரவில்லை. நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.

"போன வைக்காத. அப்படியே அடுப்புகிட்ட வச்சிட்டு ஏதாவது ஆக்கு. நானும் இங்க சுண்டக்கொழம்பு வைக்கப் போறேன். பேசணும்னு இல்ல. இருந்துட்டுப் போ."

போனை அடுப்புக்குப் பக்கத்தில் உப்பு டப்பாவில் சாய்த்து வைத்தேன். வெங்காயம் எடுத்தேன். அங்கே அவள் புளியைக் கரைத்தாள். தண்ணீர் ஊற்றும் சத்தம், பாத்திரத்தின் மேல் பாத்திரம், எழிலரசி படியில் இறங்கி வந்து ஏதோ கேட்டுவிட்டுப் போனது. நான் அரிசி களைந்தேன். "இன்னும் ஒரு தடவ கழுவு" என்றாள் அங்கிருந்து. கழுவினேன். "கிளாரா நம்பர எனக்கு அனுப்பு" என்றாள் நடுவில். "நான் தமிழ்லயே பேசறேன். அவ எதுல வேணா பேசட்டும்." அனுப்பினேன்.

கடுகு வெடித்தது. எந்தச் சமையலறையில் என்று ஒரு கணம் குழம்பிவிட்டேன்.

குழம்பு கொதிக்கத் தொடங்கியதும் அவள் மெல்லப் பாட ஆரம்பித்தாள். மாதா திருநாளுக்குப் பாடற்குழுவில் ஒத்திகை நடக்கிறதாம். உச்சக்குரல் வரியில் ஏறி, அங்கேயே கொஞ்சம் நின்று, இறங்கினாள். நான் தீயைக் குறைத்துவிட்டு, போனை எடுத்துக் காதில் அழுத்திக்கொண்டேன். அந்த விசிலைத் தேடினேன். அந்த இழுப்பைத் தேடினேன். ஒரு வருஷமாக ஒவ்வொரு ஞாயிறும் தேடுவதுபோல.

மூச்சு கேட்கவில்லை. பாட்டு மட்டும்தான் கேட்டது.